இருபது சென்ட் பனி

கொடைக்கானலுக்கும் மேலே, ஒரு நாளைக்கு இரண்டே தடவை பேருந்து வந்து திரும்புகிற மலையின் கடைசி வளைவில் கோணவரை என்று ஓர் ஊர். அந்த ஊரில் சூசைமாணிக்கம் என்பவருடைய இருபது சென்ட் தோட்டத்துக்குள் ஒரு மார்கழி மாதத்து உறைபனி வந்து இறங்கி, விடிந்து, வெயில் ஏறி, மாடுகள் மேய்ச்சலுக்குப் போய்த் திரும்பிய பிறகும் போகாமல் அங்கேயே தங்கிவிட்டது. தை பிறந்தும் போகவில்லை, மாசியில் காடு தீப்பிடிக்கிற காலத்திலும் போகவில்லை, பங்குனி வெயிலில் ஊரே பூண்டைக் காயப்போட்டபோதும் போகவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் மிளகாய் வற்றல் காயவைத்தாள். அந்தப் பக்கம், கையை நீட்டினால் தொட்டுவிடலாம், புல்லின் நுனியெல்லாம் வெள்ளையாக விறைத்து நின்றது. ஊர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள், கையை உள்ளே விட்டு எடுத்தார்கள், ஆமாம் குளிரத்தான் செய்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், அப்புறம் பூண்டு உரிக்கப் போய்விட்டார்கள்.

பனி ஏன் வந்தது என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அவர் கூப்பிட்டார், அது வந்தது. சூசைமாணிக்கம் முப்பது வருடம் அரசாங்கப் பழப்பண்ணையில் ஒட்டுக் கட்டும் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற அன்று மாலையும் சால்வையும் போட்ட கையோடு, வடக்கே பனிமலைப் பக்கமிருந்து வந்த மூன்று பிளம்ஸ் கன்றுகளை ஈரச் சாக்கில் சுற்றி அதிகாரி அவர் கையில் கொடுத்தார். இனிப்பான சீமைப் பிளம்ஸையும், பனிக்காட்டில் தானாக முளைக்கிற ஒரு முரட்டுப் பிளம்ஸையும் சேர்த்து உண்டாக்கிய கலப்பு ரகம், எப்பேர்ப்பட்ட பனியையும் தாங்கும், ஆனால் வருடத்தில் ஆயிரம் மணி நேரமாவது குளிரில் தூங்கவில்லையென்றால் பூக்காது என்று சொன்னார். அதில் முதல் பாதிதான் சூசையின் காதில் ஏறியது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, அவர் மனைவி லூர்தம்மாள் கல்யாணமான புதிதில் தின்று துப்பிய கொட்டையிலிருந்து வளர்த்திருந்த நாட்டுப் பிளம்ஸ் மரத்தை, அதன் மகரந்தம் பட்டால் உயர்ந்த ரகம் கெட்டுப்போகும் என்று சொல்லி வெட்டித் தள்ளினார். லூர்தம்மாள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், ஆனால் மரத்தைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வருடம் காய்ச்சலில் கிடந்து இறந்தபோதும் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலேதான் போனாள், அது இன்று வரைக்கும் அவருக்கு உறுத்தல்.

கன்றுகள் வளர்ந்து மரங்களாகி, இலை விட்டு, இலை உதிர்த்து, மறுபடி இலை விட்டு, ஆறு வருடம் ஒரு பூக்கூட வைக்காமல் நின்றன. கோணவரையில் குளிர் முன்னைப்போல் இல்லை. கம்பளிக்குப் பதிலாகப் போர்வையே போதும் என்கிற அளவுக்கு அது மெலிந்துபோயிருந்தது. ஒரே மகள் ஜெசிந்தாவையும் திருப்பூரில் பனியன் கம்பெனி மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்றுகொண்டிருந்த சூசை, அந்த ஆறாவது மார்கழியில் ஒரு சாயங்காலம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மூன்று மரங்களுக்கும் நடுவே போய் நின்று, "வந்து இரு. எத்தனை நாள் வேணும்னாலும் இரு, நான் எங்கயும் போகல" என்று வாய்விட்டுச் சொன்னார். விருந்தாளியைக் கூப்பிடும்போது எத்தனை நாளைக்கு என்று சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை, பாவம்.

அவர் போனால் பனியும் போய்விடும் என்பது தை மாதம் தெரிந்தது. தான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று வருடா வருடம் கருவூலத்தில் போய்க் கையெழுத்துப் போட வேண்டிய வேலைக்காக அவர் காலைப் பேருந்தில் கொடைக்கானலுக்குப் போக, பேருந்து இரண்டாவது வளைவு திரும்புவதற்குள் தோட்டம் முழுக்கச் சொட்டத் தொடங்கியதையும், ஓர் உலை கொதிக்கிற நேரத்தில் தரை கறுத்துப் போனதையும் பேச்சி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். சாயங்காலப் பேருந்தில் அவர் வந்து இறங்கிப் படலைத் திறந்து காலை உள்ளே வைத்ததும் புல் நுனியில் வெள்ளை ஏறியது. ஊர் இதை லேசில் நம்புமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மொத்தப் பேரும் திரண்டு வந்து, அவரை வெளியே நிறுத்தி, உள்ளே நிறுத்தி, மறுபடி வெளியே நிறுத்தி, கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்து, மூன்று தடவை சோதித்த பிறகே நம்பியது. சூசைக்கும் அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே உள்ளேயும் வெளியேயும் நடந்தார்.

மாசியில் மரங்கள் பூத்தன. ஆறு வருடத்துப் பூவையும் சேர்த்து வைத்திருந்ததுபோல, அடிமரத்திலிருந்து நுனிக்கொம்பு வரைக்கும் இலையே தெரியாமல் பூத்தன. பூவின் மேல் பனி உறைந்து, பூ எது பனி எது என்று தெரியாமல் நின்றது. சூசை கண்ணீர் விட்டார். ஆனால் ஒரு பிஞ்சுகூடப் பிடிக்காமல் அத்தனையும் உதிர்ந்து தரையில் கிடந்தபோதுதான், முப்பது வருடம் ஊராருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த பாடம் அவருக்கு ஞாபகம் வந்தது: கலப்பு ரகம் தன் ரகத்துப் பூவோடு காய்க்காது, அதற்குப் பக்கத்தில் ஒரு நாட்டு மரம் வேண்டும். லூர்தம்மாளின் மரம் நின்ற இடத்தில் அடிக்கட்டைகூட மிச்சமில்லை. மறு வருடம் பூத்தபோது, பேச்சி தன் கொல்லையில் பூத்திருந்த நாட்டுப் பிளம்ஸில் நாலு கொம்பை ஒடித்து, வாளித் தண்ணீரில் போட்டு வேலிக்கு மேலாக நீட்டினாள். அந்த மரத்துக்குக் கொட்டை கொடுத்தது லூர்தக்காதான் என்று மட்டும் சொன்னாள். சூசை அந்த வாளியை நடு மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அந்தக் குளிருக்குள் தேனீ வராது என்பதால் ஒரு கோழி இறகால் நாட்டுப் பூவைத் தொட்டுச் சீமைப் பூவைத் தொட்டு, நாட்டுப் பூவைத் தொட்டுச் சீமைப் பூவைத் தொட்டு, எட்டு நாள் ஏணியிலேயே இருந்தார். வைகாசியில் பழம் பழுத்தது. கறுஞ்சிவப்பாக, கைக்கு அடங்காமல், கடித்தால் பல்லுக்கு முதலில் குளிரும் அப்புறம் இனிப்பும் ஏறுகிற பழம். கோணவரையில் அன்று தின்னாத வாய் கிடையாது.

ஊர் அந்தப் பனியோடு பழகிய விதத்தைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் கெட்டவர்கள் யாரும் இந்தக் கதையில் இல்லை. முதலில் பால்காரர் தன் கேனை ஒரு ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அப்புறம் விதைப்பூண்டு வந்தது, ஏனென்றால் குளிரில் கிடந்த விதை கூடுதலாக விளைந்தது, விதைக்கிழங்கு வந்தது, கீழே இருந்து மீன் கொண்டுவருகிறவர் பெட்டியோடு வந்தார், கரண்டு போய் நாலு நாள் திரும்பாத ஒரு மழைக்காலத்தில் நர்சம்மா குணவதி தடுப்பூசிப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்து வைத்தார், அதிலிருந்து அந்தப் பெட்டிக்கு அது நிரந்தர இடமாயிற்று. துபாயிலிருந்தோ சென்னையிலிருந்தோ பிள்ளைகள் வந்து சேரும் வரைக்கும் இறந்துபோனவர்களையும் அங்கேதான், முதல் மரத்துக்கும் இரண்டாவது மரத்துக்கும் நடுவே கட்டில் போட்டுக் கிடத்தினார்கள். முன்பெல்லாம் முகம் பார்க்காமல் புதைக்க வேண்டியிருந்த ஊர், இப்போது ஒவ்வொரு பிள்ளையும் தன் தாய் தகப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்த்துவிட்டு அழுகிற ஊராகிவிட்டது. இதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? சூசைக்கும் வரவில்லை.

ஆகையால் அவர் வெளியே போக வேண்டிய தேவையே இல்லாமல் ஊர் பார்த்துக்கொண்டது. ரேஷன் அரிசி படலுக்கே வந்தது. முடிவெட்டுகிறவர் கம்பளி போர்த்திக்கொண்டு உள்ளே வந்தார். சாமியார் நற்கருணையை வேலிக்கு மேலாக நீட்டினார். உயிரோடுதான் இருக்கிறாரா என்று பார்க்கக் கருவூலத்திலிருந்து ஒருவரை ஊரே கார் வைத்துக் கூட்டிவந்தது. அவர் சூசையைப் பார்த்து, கையெழுத்தை வாங்கி, ஒரு கூடைப் பழத்தோடு போனார். ஒவ்வொரு வேளைக்கும் ஒவ்வொரு வீட்டுச் சாப்பாடு, ஆட்டுக்கறி வைத்தால் நெஞ்செலும்பு அவருக்கு. அப்புறம் ஒரு நாள் படலை எடுத்துவிட்டு இரும்புக் கதவு போட்டார்கள், ஆடு மாடு நுழையாமல் இருக்க. அப்புறம் பூட்டுப் போட்டார்கள், அதுவும் ஆடு மாடு நுழையாமல் இருக்கத்தான். சாவி, சாமியார் வராத ஞாயிறுகளில் செபம் நடத்துகிற உபதேசியார் மரியதாசுவின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. அவர் ஒரு நாள்கூடக் கதவைத் திறக்க மாட்டேன் என்று சொன்னதில்லை. எங்கே போகணும் சொல்லுங்க, நானே போய் முடிச்சிட்டு வந்துடறேன் என்றுதான் சொல்வார். மூன்றாவது வருடத்தில், தன் வீட்டுக் கதவு தன் பக்கத்திலிருந்து திறக்காது என்பது சூசைக்கு ஒரு காலையில் சாதாரணமாகப் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது உறைத்தது. வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

அந்த வருடம்தான் ஜெசிந்தா உண்டானாள். ஏழாம் மாதம் தகப்பன் வீட்டுச் சீரோடு போய் வளையல் போட வேண்டும். தாயில்லாத பிள்ளைக்குத் தகப்பன்தான் முன்னால் நிற்க வேண்டும். சூசை கேட்டபோது ஊர் கூடிப் பேசியது. ஒரு நாள் போனால் விதைப்பூண்டு தாங்காது, தடுப்பூசி தாங்காது, மரத்தில் அப்போதுதான் பூ. பேசி முடிவெடுத்து, அவர் செய்யக்கூடியதைவிடப் பெரிய சீராக ஏழு வகைச் சோறு கட்டி, பட்டுச் சேலை எடுத்து, ஒரு வேன் நிறைய ஆண்களும் பெண்களுமாகத் திருப்பூருக்குப் போனார்கள். தாம்பாளத்தில் அவர் கைப்படப் பறித்த பூக்கொம்பு ஒன்றும் இருந்தது. அன்று மாலை ஜெசிந்தா போனில் வெகு நேரம் சீரைப் பற்றியே பேசினாள். கடைசியாக, "எல்லாரும் வந்திருந்தாங்கப்பா. நீங்க மட்டுந்தான் வரல" என்றாள். அவர் மரங்கள் நன்றாகப் பூத்திருப்பதாகச் சொன்னார்.

எட்டாம் மாதம் அவளே வந்துவிட்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று மாப்பிள்ளையிடம் அடம் பிடித்து, பேருந்தின் முன் சீட்டில் உட்கார்ந்து, வாந்தியெடுத்துக்கொண்டே ஏறி வந்தாள். கதவைத் திறந்து உள்ளே விட்டார்கள். ஆனால் கால் நாழிகைகூட நிற்க முடியவில்லை, உதடு நீலமாகிவிட்டது. பிள்ளைத்தாச்சியை இந்தக் குளிரில் வைக்கவே கூடாது என்று நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட, பேச்சி தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தாள். அதிலிருந்து ஒரு மாதம் தகப்பனும் மகளும் வேலிக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார்கள். அவள் வெயிலில் உட்கார்ந்து மாங்காய் தின்றாள். அவர் கம்பளிக்குள் உட்கார்ந்து அவளைப் பார்த்தார். திருப்பூரில் தகரக்கூரை வீட்டில் வெந்து சாகிறோம், உங்க பனியில ஒரு சொம்பு கொடுத்தனுப்புங்கப்பா என்று அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரே ஒரு காரியம் கேட்டாள்.

"பிள்ளைக்கு நீங்கதான் சேனை வைக்கணும். அம்மாதான் வச்சிருக்கணும். அம்மா இல்ல."

சேனை வைப்பது என்றால் பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பது. யார் கையால் தொட்டு வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் பிள்ளைக்கு வரும் என்று அந்தப் பக்கத்தில் ஆள் பார்த்துத்தான் வைப்பார்கள். முன்கோபியை வைக்க விடமாட்டார்கள், கஞ்சனை வைக்க விடமாட்டார்கள். மகள் தன்னைக் கேட்டதில் சூசைக்கு ஒரு வாரத்துக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கும் கூடவே வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார், யார் தடுத்தாலும் வருகிறேன் என்று சொன்னார்.

வலி கண்ட அன்று, விடியற்காலையில் ஜீப் வந்து பேச்சி வீட்டு வாசலில் நின்றபோது, சூசை வேட்டியை மாற்றிக்கொண்டு கதவைப் பிடித்து உலுக்கினார். ஆனால் முந்தின நாள்தான் உபதேசியார் மரியதாசுவின் தாயார் இறந்து, முதல் மரத்துக்கும் இரண்டாவது மரத்துக்கும் நடுவே படுத்திருந்தாள். இளைய மகன் துபாயிலிருந்து கிளம்பியிருந்தான், வந்து சேர இன்னும் ஒன்றரை நாள். மரியதாசு சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். திறக்கமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, சாவியைப் பூட்டிலேயே சொருகினார், சொருகிவிட்டு அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

"தம்பி அம்மா மூஞ்சியப் பார்த்து ஒம்போது வருசமாச்சுண்ணே. போறதுன்னா போங்க. நான் உங்களக் குத்தம் சொல்லமாட்டேன்."

ஜீப்புக்குள் ஜெசிந்தா கத்துவது கேட்டது. சூசை கட்டிலில் கிடந்த அந்தக் கிழவியைத் திரும்பிப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். அவர் கை சாவி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. ஜீப் போன சத்தம் கடைசி வளைவு வரைக்கும் கேட்டது. அன்று முழுக்க அவர் தன்னைத் தானே கேவலமாகத் திட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மதியம் பெண் குழந்தை பிறந்த செய்தியைப் பத்துப் பேர் ஓடி வந்து சொன்னார்கள்.

மூன்றாம் நாள் குழந்தை வேலிக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் யாரையும் நாக்கில் எதையும் தொட்டு வைக்க விடவில்லை, ஜெசிந்தாவும் தன் மாமியாரைக்கூட விடாமல் காத்திருந்தாள். சூசை மரத்திலிருந்து முதலில் பழுத்த பிளம்ஸைப் பிழிந்து, இரண்டு சொட்டைச் சீனித் தண்ணீரில் கலந்து, கம்பிக்கு ஊடே விரலை நீட்டி, பேச்சி ஏந்திப் பிடித்திருந்த குழந்தையின் நாக்கில் தொட்டு வைத்தார். அது சப்புக்கொட்டியது. லூர்து என்று பெயர் சொல்லிக் காதில் மூன்று தடவை கூப்பிட்டார். குழந்தையின் வாயிலிருந்து மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. அந்த வேலிக்குப் பக்கத்தில் யார் மூச்சும் அப்படிப் புகையத்தான் செய்யும் என்பதால் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

முப்பதாம் நாள் அவர்கள் திருப்பூருக்குத் திரும்ப வேண்டும். அன்று மாதா திருவிழா, பதினோரு மணிக்குச் சப்பரம் புறப்பட்டு ஊர் முழுக்க அதன் பின்னால் போய்விடும், பதினொன்றரைக்குப் பேருந்து. காலையில் மரியதாசு பேச்சி வீட்டுக்கு வந்து, தண்ணீர் கேட்டுக் குடித்து, சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அதற்குள் சாவியைப் போட்டுவிட்டுப் போனார். சாவி தொலைந்துவிட்டதாக ஊரில் சொல்லிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். அவருடைய தம்பி தாய் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான், அதற்கு மேல் அவருக்குத் தாங்கவில்லை.

பதினோரு மணிக்கு மேளச் சத்தம் மேற்கே நகர்ந்ததும் பேச்சி கதவைத் திறந்தாள். சூசை சலவைச் சட்டை போட்டு, ஒரு பையில் இரண்டு வேட்டியும் லூர்தம்மாளின் படமும் ஒட்டுக் கத்தியும் வைத்துக்கொண்டு தயாராக நின்றிருந்தார். மரங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பழம் பழுத்து நிற்கிறது, ஒரு பகல் வெயிலுக்கு எல்லாம் வெம்பிப் போகும், போகட்டும். விதைப்பூண்டு போகட்டும். தடுப்பூசிப் பெட்டியைப் பேச்சி தன் வீட்டுக்கு மாற்றி ஐஸ் வாங்கி வைத்திருந்தாள். மூன்றரை வருடம் கழித்து அவர் வலது காலைத் தூக்கி வெளியே வைத்தார், அப்புறம் இடது காலை வைத்தார். வெயில் முதுகில் பட்டது. அவருக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது.

"வாங்கப்பா, பஸ்ஸு வந்துரும்" என்று சொல்லி ஜெசிந்தா முன்னால் நடந்தாள். குழந்தை அவள் தோளில் கிடந்து, பின்னால் வருகிற தாத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாலடிகூட நடக்கவில்லை. தோட்டம் சொட்டுகிற சத்தத்துக்காகக் காது கொடுத்த சூசைக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, மகள் காலெடுத்து வைத்த இடத்தில் புல் வெளுத்தது. அடுத்த அடியில் வெளுத்தது. அவளைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்குத் தரை வெள்ளையாக விறைத்து, அவள் நடக்க நடக்கக் கூடவே நகர்ந்தது. தோளில் கிடந்த குழந்தையின் புருவத்தில் பனி பொடிப்பொடியாக உட்கார்ந்திருந்தது. குழந்தைக்கு அது குளிரவே இல்லை. வாயைத் திறந்து சிரித்தது. கையில் பையோடு பக்கத்தில் வந்த பேச்சியும் பார்த்தாள், பை அவள் கையிலிருந்து நழுவியது. முன்னால் பார்த்து நடந்த ஜெசிந்தா மட்டும் பார்க்கவில்லை, "கதவத் திறந்ததும் எப்படி ஜில்லுனு வருது பாருங்க" என்றாள்.

முப்பது வருடம் ஒட்டுக் கட்டியவருக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முன்பு அவர் வெளியே வந்தபோதெல்லாம் பனி போக்கிடம் இல்லாமல் உருகிப் போனது. இப்போது அதற்குப் போக்கிடம் கிடைத்துவிட்டது. அவரே தன் விரலால் தொட்டு வைத்துக் கொடுத்திருந்தார். அவர் தோட்டத்தை விட்டு எங்கே போனாலும் இனிப் பனி பிள்ளையைத்தான் சுற்றும், திருப்பூருக்கே போனாலும் அந்தச் சேதி ஊர் காதுக்கு வந்து சேரும். சப்பரம் ஊரைச் சுற்றிக்கொண்டு இந்தத் தெருவுக்குத்தான் வரும். வந்து பார்த்தால் ஊர் கோபப்படாது, கெடுதல் நினைக்காது. கிழவனுக்குப் பிறகு யார் என்ற கவலை அவர்களுக்கு எப்போதும் இருந்தது. தொட்டில் கொண்டுவருவார்கள், கம்பளிச் சட்டை பின்னுவார்கள், பால் கொண்டுவருவார்கள், தங்கத்தில் கொலுசு போடுவார்கள். வெகு அன்பாகப் பூட்டுப் போடுவார்கள்.

சூசை ஓரடி பின்னால் வைத்தார், இன்னொரு அடி வைத்தார், கதவுக்குள் போய் நின்றார். மகளைச் சுற்றியிருந்த வெள்ளை சட்டென்று ஓய்ந்தது. குழந்தையின் புருவத்துப் பனி நீராகி வழிந்தது. ஜெசிந்தா அதை முந்தானையால் துடைத்துவிட்டு, அவரைக் காணோமே என்று திரும்பினாள். அவர் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?"

"நான் வரல."

"விளையாடாதீங்க. பஸ்ஸு வர்ற நேரம்."

அவர் உள்ளே உடைந்து போனார். வெளியே குரலை முரட்டுத்தனமாக்கிக்கொண்டார். "பழம் பழுத்து நிக்குது. இத விட்டுட்டு உன்கூட வந்து அந்தத் தகரக் கொட்டாயில நான் என்ன செய்ய? போ. இனிமே இந்தப் பக்கம் வராத. பிள்ளையையும் கூட்டிட்டு வராத. எனக்கு என் மரந்தான்."

"நெசமாவாப்பா சொல்றீங்க?"

"நெசந்தான்."

ஜெசிந்தா குழந்தையைத் தோளில் ஏற்றிப் போட்டாள். அவளுக்கு நாட்டுப் பிளம்ஸ் மரம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்; அதை வெட்டிய அன்று அவளுக்குப் பதினாறு வயது, அம்மா அடுப்படியில் அழுததைப் பார்த்தவள். "அம்மாகிட்டயும் இதத்தான் சொன்னீங்க" என்றாள். பிறகு நழுவிக் கிடந்த பையைத் தானே எடுத்துக்கொண்டு நடந்தாள். குழந்தை மட்டும் தோளின் மேலாகக் கடைசி வரைக்கும் அவரையே பார்த்துக்கொண்டு போனது. பேருந்து வந்தது, நின்றது, போனது.

சூசை கம்பிக்கு ஊடே கையை விட்டுப் பூட்டைத் தானே பூட்டிச் சாவியைப் பேச்சியிடம் நீட்டினார். வாங்க அவளுக்குக் கை வரவில்லை. சப்பரம் வருவதற்குள் மண்வெட்டி எடுத்து அந்தப் புல்லைக் கொத்திவிடச் சொன்னார். பனியில் கருகிய புல் கதவிலிருந்து நாலடிக்கு வரிசையாக அடையாளம் காட்டிக்கொண்டு கிடந்தது. பேச்சி அழுதுகொண்டே கொத்தினாள். ஊர் மேளத்தோடு வந்து சேர்ந்தபோது திருவிழாவன்றும் என்ன வேலை என்று கேட்டார்கள், பூண்டு ஊன்றப் போகிறேன் என்றாள். உள்ளே சூசை நிற்பதைப் பார்த்து, மகளும் பேத்தியும் கிளம்பிப் போகிற அன்றும் அசையாமல் ஊருக்காக நின்ற மனுஷன் என்று பெருமையாகப் பேசி, சப்பரத்து மாலை ஒன்றை எடுத்து வேலிக்கு மேலாக அவர் கழுத்தில் போட்டார்கள். மரியதாசு பூட்டைப் பார்த்தார், சூசையின் முகத்தைப் பார்த்தார்.

கூட்டம் கலைந்த பிறகு பேச்சி வேலி ஓரம் வந்து, "பிள்ளை பெருசாயி தாத்தா எப்படின்னு கேட்டா என்னண்ணே சொல்ல?" என்றாள்.

"பொல்லாதவன்னு சொல்லு" என்றார் சூசை. "அப்பத்தான் வராது."

கோணவரையில் அந்தப் பனி இன்றும் இருக்கிறது. கடைசிப் பேருந்தில் போனால் நீங்களும் பார்க்கலாம், வைகாசியில் போனால் பழம் கிடைக்கும். ஆளுக்கு இரண்டு பழம் கையில் கொடுத்து, கம்பளி போர்த்திக்கொண்டு ஏணியில் நிற்கிறவரைத் தூரத்திலிருந்து காட்டுவார்கள், நல்ல ஜனங்கள். தின்றுவிட்டு வாருங்கள். திருப்பூரில் லூர்து என்ற பெயரில் ஒரு சிறு பெண்ணைத் தெரியும் என்று மட்டும் அங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.